நூற்றுக்கு ஒன்று

மரத்தைச் செதுக்குகிற கம்ப்யூட்டர் மெஷினின் திரையில் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம் பாக்கி என்று காட்டுகிறது. அதை நம்ப முடியாது, வளைவுகளில் தயங்கித் தயங்கிப் போகும், இரண்டு மணி நேரம் ஆக்கிவிடும், ஆனாலும் பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் தூளை ஊதித் தள்ளிவிட்டு, பலகையை மெஷின் மேலேயே வைத்து ஒரு போட்டோ எடுத்து பியூலாவுக்கு அனுப்பிவிடுவேன். ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். இருபத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்குப் படத்தைப் பார்த்தால் புரியாதா, புரியும், புரிய வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்குள் அவள் பள்ளிக்கூட ஆபீசில் பதில் சொல்லியாக வேண்டும், அடுத்த வருஷமும் கோத்தகிரியிலேயே தங்கிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாளா, இல்லை வேலையை விட்டுவிட்டு கோயமுத்தூருக்கு, வீட்டுக்கு, என்னிடம் வந்துவிடுகிறாளா என்று. பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான் கோத்தகிரி. இரண்டு வருஷத்தில் நான் போனது நான்கு தடவை, அதில் ஒரு தடவை அவளுடைய ரூமில் ஜன்னல் கொக்கி சரியில்லை என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனது. மேலே ஏறி வெட்டுமுனை கீழ்ப்பக்கம் திரும்புகிறது, மெல்லிய கோடு ஒன்று விழுகிறது, அரை மில்லி தள்ளி இன்னொரு கோடு. மரத்தூள் வாசனை, இந்த ஸ்ப்ரூஸ் மரத்துக்கு எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற மாதிரி ஒரு வாசனை. நான்கு மாதம் காத்திருந்து கடல் தாண்டி வரவழைத்த இரண்டு துண்டு, நடுவில் ஒட்டி ஒரே பலகையாக்கினேன். வேறு துண்டு கிடையாது. சாதாரண கிடாருக்கு மேல்பலகை தட்டை, எவன் வேண்டுமானாலும் ஒட்டிவிடுவான். இது அப்படியல்ல, வயலின் வயிறு போல மேடாக வளைந்து, உள்ளேயும் குடைந்து, நடுவில் ஆறு மில்லி, ஓரம் போகப் போக மூன்று மில்லி. கம்பிகள் எல்லாம் சேர்ந்து அந்த மேட்டை அழுத்தும், அது உடையாமல் அதிர வேண்டும். ஆர்ச்டாப் என்பார்கள். பியூலா அப்படி ஒன்றை ஒரே ஒரு தடவை வாசித்திருக்கிறாள், வேலூரில் பாடகர்கள் கூடிய ஒரு முகாமில் யாரோ ஒரு பெரியவருடைய கிடாரை வாங்கி மடியில் வைத்துப் பத்து நிமிடம் வாசித்தாள். திரும்பி வருகிற ரயிலில், “நெஞ்சுல சாச்சு வெச்சா உள்ள யாரோ மறுபேச்சு பேசற மாதிரியே இருக்குதுங்க” என்றாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, அந்தப் பலகை எத்தனை கனம் இருந்தது என்று கேட்டிருப்பேன்.

மறுபடியும் அந்தச் சத்தம். கோடு முழுக்க ஒரே சீராக ர்ர்ர் என்று வந்துவிட்டு, கடைசி நான்கு விரற்கடையில், ஓரத்தை நெருங்கும்போது, குரல் மேலே ஏறி கீச்சென்று ஆகிறது. பதினோரு செகண்டுக்கு ஒரு தடவை. ஓரத்தில் மரம் மெலிசு, மெலிசான இடத்தில் சத்தம் ஏறத்தான் செய்யும், மூன்று மில்லிக்கு அவ்வளவு ஏறுமா, ஏறலாம், நான் இதற்கு முன்னால் கிடார் வெட்டியவனா என்ன, பத்தொன்பது வருஷமாக நான் வெட்டியதெல்லாம் பம்ப்புக்குப் பேட்டர்ன். மரத்தில் பம்ப்பின் உருவத்தைச் செய்து கொடுப்போம், ஃபவுண்டரியில் அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் காய்ச்சின இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்று. அதனால் நாங்கள் எதைச் செய்தாலும் நூற்றுக்கு ஒன்று பெரிதாகச் செய்வோம். எங்கள் பட்டறையில் யாரிடம் ஒரு அளவைக் கேட்டாலும் வாய் தானாக ஒன்றைக் கூட்டிச் சொல்லும். ஒரு தடவை எவனோ கூட்ட மறந்து ஒரு பெரிய ஆர்டரே வீணாகப் போனதால் முதலாளி திருமூர்த்தி மெஷினிலேயே அதை ஏற்றி வைத்துவிட்டார், எந்த வேலையைக் கொடுத்தாலும் அது நூற்றுக்கு ஒன்று பெருக்கித்தான் வெட்டும், பேனலில் ஒரு மூலையில் 1.010 என்று எண் நின்றுகொண்டிருக்கும். கிடாரை யாரும் மண்ணில் பதிக்கப் போவதில்லை. அதனால் என் சொந்த வேலைக்கு முன்னால் அந்த எண்ணை 1.000 என்று மாற்ற வேண்டும். இன்று மாற்றினேன். இதோ இங்கிருந்தே தெரிகிறது, 1.000. மேல்பக்கம் சரியான அளவில்தான் போய்க்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை உள்பக்கத்தைக் குடைந்தேனே, அன்றைக்கு மாற்றினேனா? மாற்றியிருப்பேன். மாற்றாமல் எப்படி. மாற்றவில்லை என்றால் உள்ளே இருக்கிற குடைவு பெரிதாக இருக்கும், வெளியே இருக்கிற மேடு சின்னதாக இருக்கும், இரண்டும் ஓரத்தில்தான் ஒன்றையொன்று நெருங்கும், மூன்று மில்லி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுக்குச் சற்று மேலேதான் இருக்கும், கம்பி ஏற்றிய அன்றே ஓரம் விண்டுவிடும். கழற்றி அளந்து பார்க்கவும் வழியில்லை, குடைந்த பக்கம் கீழே இருக்க விளிம்பு முழுக்க ஒட்டுப்பலகையோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், வேலை முடிந்து வாளால் அறுத்துத்தான் பிரிக்க முடியும். மெஷினை அணைத்தால் பேனல் தானாக 1.010 என்று திரும்பிவிடும், வியாழக்கிழமை இருந்த எண் எங்கேயும் பதிவாகவில்லை. என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அந்தத் தலையோ வியாழக்கிழமை பக்கம் போக மாட்டேன் என்கிறது.

போகாமல் என்ன. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை. பட்டறை ஆட்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் வெட்டுமுனையை மாட்டினேன், பலகையின் மூலையில் தொட வைத்து அளவைப் பூஜ்யமாக்கினேன், அதற்கப்புறம் எண்ணை மாற்றுவேன், அதற்கப்புறம் கதவைச் சாத்துவேன், அதற்கப்புறம் பச்சைப் பொத்தான். இந்த வரிசை எனக்குச் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, ஓடிக்கொண்டிருந்தபோது பியூலா கூப்பிட்டாள், மெஷின் ஓடியதால் பேச முடியவில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன். அவ்வளவுதான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றால் வரிசை முழுக்க முடிந்திருக்கிறது, வரிசை முடிந்திருக்கிறது என்றால் எண்ணை மாற்றியாயிற்று, எண்ணை மாற்றியாயிற்று என்றால் இந்தக் கீச்சுக்கு அர்த்தமில்லை. சரியாகப் போச்சு. கீச். ஆனால் அப்புறம் கூப்பிடவில்லை. வெள்ளி கூப்பிடவில்லை, சனி கூப்பிடவில்லை, நேற்று சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்து போனை எடுத்து அவள் பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பாக்கெட்டில் போட்டேன். என்ன சொல்வது. வா என்பது ஒரு எழுத்து. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு எழுத்தைச் சொல்ல இத்தனை வெட்கம் எதற்கு, வெட்கமா அது, பயம். வா என்று சொல்லி அவள் வந்து, வந்த வீட்டில் நான் பழைய மாதிரியே உட்கார்ந்திருந்தால்? அவள் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். குக்கர் கைப்பிடி ஆடுகிறது என்றாள், ஈட்டி மரத்தில் கைப்பிடி செய்து கொடுத்தேன், இன்னும் ஆடாமல் இருக்கிறது. அவளுடைய அம்மா இறந்த வாரம் படுக்கையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அம்மாவுடைய பைபிளையும் பாட்டுப் புஸ்தகங்களையும் வைக்க ஒரு ஷெல்ஃப் செய்தேன். நல்ல ஷெல்ஃப். மூன்று நாள் ராப்பகலாகச் செய்தேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நல்லா இருக்குதுங்க என்றாள், அப்போதே ஏதோ முடிந்து போயிருக்க வேண்டும், நான்தான் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த ஜூன் மாதம் கோத்தகிரி. வேலை கிடைத்திருக்கிறது போகட்டுமா என்று கேட்டபோதும் நான், அங்கே குளிருமே, பெட்டிக்குச் சக்கரம் போட்டுத் தரட்டுமா என்றேன். எனக்கே என்னைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

“ஏனுங் சாலமோன், டீ ஆறிப்போச்சுங்.” திருமூர்த்தி கத்துகிறார், இந்த மெஷின் ஓடும்போது கத்தாமல் பேச முடியாது, தூள் உறிஞ்சுகிற மோட்டார் வேறு பின்னாலேயே ஊளையிடும். அவர் எனக்கு முதலாளி, ஆனாலும் மெஷின் சும்மா இருக்கிற நேரத்தில் என் வேலையைச் செய்துகொள்ள விட்டிருக்கிறார், அதற்காகவே பட்டறைக்கு வந்து பக்கத்தில் நின்று குறை சொல்ல உரிமை எடுத்துக்கொள்வார். “இதென்னுங் கடைசீல மட்டும் கீச்சு கீச்சுங்குது?” “ஓரத்துல மெலிசுங்க, அதான்” என்று நானும் கத்துகிறேன். “ரொம்ப மெலிசா இருக்கும்போல இருக்குதே. எம்பட காதுக்கு ரெண்டு மில்லி சத்தமாட்ட கேக்குது.” “மூணு வெச்சிருக்கறனுங்க.” “உங்க வீட்டு அம்மிணி எப்ப வருது?” “சொல்லல.” “நீங்க கேட்டீங்ளா?” நான் டீயை எடுத்துக் குடிக்கிறேன். ஆறித்தான் போயிருக்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார், தலையை ஆட்டிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போகிறார். அந்த மனுஷனுடைய காது இந்தப் பட்டறையில் முப்பது வருஷம் மரத்தைக் கேட்ட காது. இரண்டு மில்லி என்கிறார். கீச். ஒரு மணி ஏழு நிமிடம் பாக்கி. பாதிக்கு வந்துவிட்டது, இடது பக்கம் முழுக்க வெட்டி முடிந்து பளபளவென்று மேடாக எழுந்து நிற்கிறது, வலது பக்கம் இன்னும் படிப்படியாகக் கரடுமுரடாக இருக்கிறது. அந்த இடது பாதியைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிற அளவுக்கு அழகு. அவள் விரலை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அவள் இந்த மெஷின் பக்கத்தில், என் பக்கத்தில், இப்போது நிற்க வேண்டும். காலையில் எழுந்தால் இன்னும் வலது பக்கம் இடம் விட்டுத்தான் படுத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டு ஒரு கை அள்ளித் திரும்பப் போடுகிறேன். அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில் தீர்ந்துபோனால் வாங்கி வைக்கிறேன், யாருக்கு என்று கடைக்காரன் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வேன். இதையெல்லாம் சொல்லலாமே. இதையெல்லாம் சொல்வதற்குப் பதிலாகத்தான் இந்தக் கிடார். உள்ளே யாரோ மறுபேச்சு பேசுவார்கள் என்றாளே, பேசட்டும், எனக்குப் பதிலாக அது பேசட்டும்.

மெஷின் ஓடும்போதுதான் கூப்பிட்டாள். அதில் சந்தேகமே இல்லை. போன் பேனல் மேலே இருந்தது, வெளிச்சம் வந்தது, எடுத்தேன். “ஏங்க, வேலையா இருக்கீங்களா?” “சொல்லு.” “ஒண்ணுமில்லீங்க. ஸ்கூல்ல கேக்கறாங்க. அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறயான்னு. திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள சொல்லோணுமாம்.” பின்னால் எவனோ ஒரு பையன் பியானோவில் ஒரே ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான், நான்காவது கட்டையில் விரல் தவறி, மறுபடி முதலிலிருந்து, மறுபடி தவறி. தவறும்போதெல்லாம் அவள் லேசாக மூச்சு விட்டாள், திருத்தப் போக வேண்டும், போக முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் கேட்டாள், “நான் என்னன்னு சொல்லட்டுங்க?” கேட்டுவிட்டு எச்சில் விழுங்கினாள். அது எனக்குக் கேட்டது. எச்சில் விழுங்கியதே கேட்டது. நான், “மெஷின் ஓடுது பியூலா, அப்புறம் கூப்பிடறேன்” என்றேன், அவள், “சரிங்க” என்றாள், பையன் அப்போதுதான் முதல் தடவையாகத் தவறாமல் முழுக்க வாசித்து முடித்தான். கீச். பையன் வாசித்து முடித்தது கேட்டது. எச்சில் விழுங்கியது கேட்டது. கீச். இப்போது இரண்டடி தூரத்தில் நின்று திருமூர்த்தி தொண்டை கிழியக் கத்தினால்தான் எனக்குப் பாதி கேட்கிறது. கோத்தகிரியில் ஒரு பையன் நான்காவது கட்டையில் விரல் தவறியது எப்படிக் கேட்டது?

கேட்காது. மெஷின் ஓடியிருந்தால் கேட்டிருக்கவே கேட்காது. வெட்டுமுனை ஓடவில்லை, மோட்டார் ஊளையிடவில்லை, பட்டறையில் ஆள் இல்லை, அத்தனை அமைதி. நான் பலகையைத் தொட வைத்து அளவைப் பூஜ்யமாக்கி முடித்திருந்தேன், எண்ணை மாற்றப் பேனல் பக்கம் கையை நீட்டினேன், அங்கே போன் வெளிச்சம் காட்டியது, நீட்டிய கையாலேயே எடுத்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. ஓடாத மெஷினை ஓடுகிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன், அவள் கேட்ட கேள்விக்கு உள்ளே இருந்து ஏதோ ஒன்று தொண்டைக்கு வந்தது, வந்தது எனக்குத் தெரியும், அதை விட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் அவள் என்ன நினைப்பாள் என்று, இருபத்தாறு வருஷத்தில் பார்க்காததைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று, மெஷின் ஓடுது என்றேன். சொன்னதற்கு அப்புறம் அது பொய்யாக இருக்கக் கூடாதென்று அவசர அவசரமாகக் கதவைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். எண்ணைப் பார்க்கவே இல்லை. பொய்யை உண்மையாக்கத்தான் அழுத்தினேன், அழுத்திவிட்டு நான்கு நாளாக மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று எனக்கே சொல்லிச் சொல்லி நம்பியும்விட்டேன். நூற்றுக்கு ஒன்று. உள்ளே குடைந்ததெல்லாம் இரும்புக்கு வெட்டுகிற மாதிரி பெரிதாக வெட்டியிருக்கிறேன். திருமூர்த்தி காது சரி. இரண்டு மில்லி. இப்படியே விட்டால் பன்னிரண்டரைக்கு அழகான போட்டோ எடுக்கலாம், பார்க்கிறவளுக்குக் கனம் தெரியாது, விண்டுபோவது அப்புறம்தானே. அப்படியும் ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த நிமிடத்தில் ஐந்து கோடு போய்விட்டது. ஐந்து கீச்.

சிவப்புப் பொத்தானை அழுத்துகிறேன். வெட்டுமுனை மேலே எழும்பி நிற்கிறது, மோட்டார் ஊளை இறங்கி இறங்கி அடங்குகிறது, ஆபீஸ் ரூமிலிருந்து திருமூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறார். இடது பாதி போனது போனதுதான். வலது பாதிக்கு வெட்டுமுனையை ஒரு மில்லி தூக்கி வைத்து, மிச்சத்தைக் கையால் சுரண்டி, உடைகிற பக்கத்துக்கு உள்ளே பட்டை ஒட்டி, அதெல்லாம் ஒரு மாத வேலை, பிழைத்தாலும் பிழைக்கலாம். மணி பதினொன்று பத்து. மதிய இடைவேளை இன்னும் ஆகியிருக்காது, வகுப்பில் இருப்பாள், போனை எடுக்க மாட்டாள். கூப்பிட்டேன், இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள்.

“ஏங்க?”

“பியூலா.” போனை மறு காதுக்கு மாற்றினேன். “வியாழக்கெழம நீ கூப்பிட்டப்ப மெஷின் ஓடல.”

“தெரியுமுங்க.”

“எப்புடித் தெரியும்?”

“மெஷின் ஓடுனா நீங்க கத்திப் பேசுவீங்க. அன்னைக்கு மெதுவாத்தான் பேசுனீங்க.”

கன்னத்தில் என்னவோ ஊர்ந்தது, துடைத்தால் மரத்தூளோடு சேறாக ஒட்டியது. துடைக்காமல் விட்டேன்.

“வந்துரு பியூலா” என்றேன். “எனக்கு உன்னயத் தேடுது. தெனமும் தேடுது. வீடு முழுக்கத் தேடுது.”

அவள் மூச்சு விட்டாள். “நான் வெள்ளிக்கெழமையே கையெழுத்துப் போட்டுட்டனுங்க. ராத்திரி வரைக்கும் போனைப் பாத்துட்டே இருந்தேன். காலைல போயிப் போட்டுட்டேன்.”

வெள்ளிக்கிழமை. நான் பலகையை ஒட்டிக்கொண்டிருந்த நாள். பசை காயட்டும் என்று சனிக்கிழமை முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேனலில் அந்த 1.000 இன்னும் நின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வருஷம். மறுபடி ஒரு வருஷம். இதற்கு மேல் என்ன சொல்வது என்று பழையபடி யோசிக்க ஆரம்பித்தேன், யோசித்தால் திரும்ப ஒரு பொய்தான் வரும் என்று தெரிந்து வாயைத் திறந்தேன்.

“அப்ப நான் வரட்டுமா? இப்பவே. பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு.”

கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றேகால்.

“வாங்க” என்றாள். “ஆனா கையில எதும் செஞ்சு எடுத்துட்டு வராதீங்க.”